கதை திண்டுக்கல்லில் இருக்கு... பணம் எங்கே இருக்கு? கேமரா தூக்கும் பெண்களுக்கு ஒரு ஊர்ச்சுற்றல்!

திண்டுக்கல்லுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலைதான் செய்வார்கள். ஒன்று, பிரியாணி சாப்பிடுவார்கள். இரண்டு, கொடைக்கானலுக்கோ பழநிக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். ஊருக்கே பெயர் கொடுத்த அந்தப் பெரிய பாறையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இந்தக் கட்டுரை, இங்கேயே இறங்கிச் சுற்ற நினைப்பவர்களுக்கு. அதிலும் கையில் கேமராவோ, நல்லதொரு ஸ்மார்ட்போனோ வைத்துக்கொண்டு, 'நானும் காடு, மலை, வனவிலங்குன்னு ஒரு படம் எடுக்கணும்' என்று ஆசைப்படும் பெண்களுக்கு. 'அவுட்டோர்', 'அட்வென்ச்சர்' படங்கள் என்று சொல்கிறார்களே, அந்த வகை. அதற்கான கதைகள் திண்டுக்கல் சமவெளியில் கொட்டிக்கிடக்கின்றன. எடுக்க ஆகும் செலவை யார் தருவார்கள்? ஊரையும் சுற்றுவோம், அந்தக் கேள்விக்கும் பதில் தேடுவோம்.

முதல் ஷாட்: மலைக்கோட்டை

திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல். அந்தக் கல்லின் மேல் 1605-ல் கோட்டை எழுப்பியவர் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். பிறகு 1755-ல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி இங்கே ஃபௌஜ்தாராக வந்தார். அவருக்குப் பின் திப்பு சுல்தான். 1790-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. கல் சூடேறினால் நிற்க முடியாது. மேலே போனால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழநி மலைத்தொடர், நடுவே தென்னந்தோப்பும் குளங்களும் ஊர்களுமாக விரிந்த சமவெளி. படம் எடுப்பவர்கள் 'கதை எங்கே நடக்கிறது' என்று காட்ட முதலில் ஒரு ஷாட் வைப்பார்கள். திண்டுக்கல்லுக்கு அந்த ஷாட் இந்த உச்சிதான்.

இங்கிருந்து சிறுமலை சுமார் 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். மலை வாழைக்குப் பெயர்போன ஊர். பஸ் வசதி உண்டு.

ராத்திரியில் விழிக்கும் கதை: அய்யலூர்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி சாலையில் போனால் அய்யலூர். இந்தப் பக்கத்துக் காடுகளில் வாழ்கிறது தேவாங்கு. உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய உடம்பு, முகத்தையே நிறைக்கும் இரண்டு வட்டக் கண்கள். பகலெல்லாம் மரத்தில் சுருண்டு தூங்கிவிட்டு, இருட்டிய பிறகுதான் இரை தேடக் கிளம்பும். பூச்சிகள்தான் அதற்கு முக்கிய உணவு என்பதால் விவசாயிக்கு நண்பன். ஆனால் மூடநம்பிக்கை, மருந்து, மந்திரம் என்ற பெயரில் அதைப் பிடித்து வதைத்தவர்கள் உண்டு.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் இது. வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் பகுதிகளின் காடுகளும் இதில் அடக்கம்.

இதைப் படமாக்குவது லேசு இல்லை. இரவில் வேலை. வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. ஆய்வாளர்கள் டார்ச்சில் சிவப்பு பேப்பர் ஒட்டிக்கொண்டுதான் தேடுவார்கள். படக்குழுவும் அதே கட்டுப்பாட்டோடு, இருட்டிலும் பதிவு செய்யும் கேமராவோடு போக வேண்டும். அந்த கேமராவின் வாடகையே நம் ஊர்ப் பெண்ணின் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

'ராத்திரிக் காட்டை யார் பார்ப்பாங்க' என்று நினைக்காதீர்கள். அனிர்பன் தத்தாவும் அனுபமா ஸ்ரீனிவாசனும் சேர்ந்து இயக்கிய 'நாக்டர்ன்ஸ்' என்ற ஆவணப்படம், கிழக்கு இமயமலைக் காட்டில் இரவில் வரும் அந்துப்பூச்சிகளைப் பற்றியது. 2024-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் நடுவர்களின் சிறப்பு விருது வாங்கியது. அந்துப்பூச்சிக்கு உலகம் கண்விழித்து உட்காரும் என்றால், தேவாங்குக்கு உட்காராதா என்ன?

நடந்தே வரும் கதை: பழநிப் பாதை

தை மாதம் வந்தால் திண்டுக்கல் சாலைகளின் முகமே மாறிவிடும். செட்டிநாட்டுப் பக்கமிருந்து காவடியோடு கிளம்பும் பக்தர்கள் நத்தம் வழியாக நடந்தே பழநிக்குப் போவார்கள். திண்டுக்கல்லிலிருந்து மட்டும் பழநிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். கொப்பளம் வெடித்த காலோடு நடக்கும் பாட்டிகளும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அம்மாக்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

வெளிநாட்டில் நீண்ட நடைப்பயணத்தை 'அட்வென்ச்சர்' என்று விழா எடுத்துக் கொண்டாடுகிறார்கள். நம் பெண்கள் அதைக் காலங்காலமாக வேண்டுதல் என்ற பெயரில் செய்கிறார்கள். வழியில் எங்கே குளிப்பது, எங்கே படுப்பது, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்ற விவரமெல்லாம் கூட நடக்கும் இன்னொரு பெண்ணிடம்தான் மனம்விட்டுச் சொல்வார்கள். இந்தப் படத்தைப் பெண் இயக்குவதில் இருக்கும் வசதி அது.

எட்டு வருடம் காத்திருந்த ராணி: விருப்பாச்சி

ஒட்டன்சத்திரம் தாண்டி, பழநி போகும் வழியில் இருக்கிறது விருப்பாச்சி. பக்கத்திலேயே தலையூத்து அருவி.

1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை ஆங்கிலேயரின் படை கொன்ற பிறகு, மகள் வெள்ளச்சியோடு தப்பிய சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். பிரதானி தாண்டவராய பிள்ளை மூலம் ஹைதர் அலியிடம் படை உதவி கேட்டார் ராணி. திண்டுக்கல்லுக்கே போய் ஹைதரைச் சந்தித்து, உருதுவில் பேசி அசத்தினார் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். உதவி உடனே வந்துவிடவில்லை. சிவகங்கையை அவர் மீட்டது 1780-ல். நடுவில் எட்டு வருடம்!

ஒரு பெண், தன் திட்டத்தோடு வந்து, 'இதைச் செய்து முடிப்பேன், உதவி கொடுங்கள்' என்று கேட்டுக் காத்திருந்த மண் இது. இன்றைக்குப் படம் எடுக்க நிதி தேடும் பெண்கள் செய்வதும் அதைத்தான். ஆளும் ஆயுதமும் வேறு, அவ்வளவே.

முட்டை முதலா, கோழி முதலா?

கதை இருக்கிறது. பணம்? இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தைக் காட்டினால்தான் பணம் தருகிறார்கள். பணம் இருந்தால்தான் படம் எடுக்க முடியும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒருவர் நம் மாநிலத்திலேயே இருக்கிறார். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ். 2017-ல் பெங்களூரிலிருந்து ஊட்டிக்கு வரும் வழியில், முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனையும் ரகு என்ற குட்டி யானையையும் பார்த்தார். அப்போது அவர் கையில் நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அடிக்கடி போனார், பழகினார், படம் பிடித்தார். அந்தக் காட்சிகள் பேசிய பிறகுதான் பெரிய நிறுவனங்கள் வந்தன. குனீத் மோங்காவின் சிக்யா நிறுவனம் தயாரிக்க, 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. சுமார் 40 நிமிடப் படத்துக்காக அவர் எடுத்தது 450 மணி நேரக் காட்சிகள். 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது.

கவனித்தீர்களா? அரசின் பணம் கடைசியில் வந்தது. தயாரிப்பாளரின் பணம் நடுவில் வந்தது. முதலில் இருந்தது, அவருக்குத் தெரிந்த ஊர், திரும்பத் திரும்பப் போய்வரக்கூடிய தூரம், அந்த மனிதர்களின் நம்பிக்கை. அய்யலூரில் வீடு இருக்கிற பெண்ணுக்கும் இந்த மூன்றும் உண்டு. மும்பையிலிருந்து வருகிறவருக்குக் கிடையாது.

ஆனால் ஒரு நிஜத்தையும் பேசிவிடுவோம். 23 வயதுப் பெண், 'ஒரு தேவாங்குக்காக அஞ்சு வருஷம் காட்டுக்குப் போகப்போறேன்' என்று சொன்னால் நம் வீட்டில் என்ன நடக்கும்? வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் சின்ன நிதியாக இருந்தாலும் பெண்களுக்கு அதற்கு இரட்டை மதிப்பு. செலவுக்குப் பணம் என்பது ஒன்று. 'இந்த நிறுவனம் என்னை நம்பிக் கொடுத்திருக்கிறது' என்று அப்பாவிடம் நீட்ட ஒரு கடிதம் கிடைக்கிறதே, அது இன்னொன்று. 'ஊர் சுத்துறா' என்ற பேச்சை 'வேலைக்குப் போயிருக்கா' என்று மாற்றுகிற கடிதம் அது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்

பழநி மலைகளுக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், பெண் இயக்குநர்களுக்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை அரசே செலவழித்துத் தயாரிக்கும். தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', ஐ.ஜி.மினியின் 'டைவர்ஸ்', ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரெ' எல்லாம் அப்படி வந்தவை. அவை சாகசப் படங்கள் அல்ல. ஆனால் அரசு மனம் வைத்தால் புதிய பெண் இயக்குநர்கள் வருவார்கள் என்பதற்குச் சாட்சி.

தமிழ்நாடு அரசும் தரமான சிறு பட்ஜெட் படங்களுக்கு 7 லட்ச ரூபாய் மானியம் தருகிறது. அது எடுத்து முடித்த படங்களுக்கானது. பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கியதும் அல்ல. நம் பக்கத்துப் பெண்களுக்குத் தேவை, படம் தொடங்கும்போதே கிடைக்கும் ஒரு சின்னத் தொகை. 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட விருதுநகர் மாவட்டத்தின் முத்தமிழ்ச்செல்விக்கு, ஏறுவதற்கு முன்பே அரசு நிதியுதவி செய்தது. ஏறுகிறவருக்குச் செய்ததை, அதைப் படமாக்குகிறவருக்கும் செய்யலாமே!

இப்போதைக்குத் தட்ட வேண்டிய கதவுகள்

*இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை:* பெங்களூரில் இருக்கும் 'இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்'. கலை, ஆய்வு, ஆவணப்பட முயற்சிகளுக்கு நிதி தருகிறது. ஆங்கிலம்தான் வேண்டும் என்றில்லை, இந்திய மொழிகளிலும் விண்ணப்பிக்கலாம் என்பது நமக்குப் பெரிய ஆறுதல்.

*டாக்எட்ஜ் கொல்கத்தா:* 2004 முதல் நடக்கும் ஆவணப்பட மேடை. கதையை எப்படிச் சொல்லிப் பணம் கேட்பது என்று பயிற்சி கொடுத்து, வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் பேச வைப்பார்கள்.

*ஃபிலிம் பஜார்:* தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நவம்பரில் கோவாவில் நடத்தும் சந்தை. தயாரிப்பாளர் தேடுகிறவர்களுக்கானது.

*நேஷனல் ஜியாக்ரஃபிக் சொசைட்டி:* எந்த நாட்டவரும் 18 வயது முடிந்தால் விண்ணப்பிக்கலாம். முதல்நிலை நிதி 20,000 டாலர் வரை இருந்திருக்கிறது. கோவாவைச் சேர்ந்த வனவிலங்குப் பட இயக்குநர் மலைக்கா வாஸ் இதன் எக்ஸ்ப்ளோரர்.

*சிக்கன் அண்ட் எக் ஃபிலிம்ஸ்:* பெயரே அதுதான், விளையாட்டு இல்லை! 'கோழி முதலா முட்டை முதலா' சிக்கலில் இருக்கும் பெண் ஆவணப்பட இயக்குநர்களுக்காக 2005-ல் அமெரிக்காவில் தொடங்கியது. முதல் அல்லது இரண்டாவது முழுநீள ஆவணப்படம் எடுப்பவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு.

*இட்ஃபா பெர்த்தா ஃபண்ட்:* ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவோடு சேர்ந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளின் படங்களுக்கு.

*மக்கள் நிதி:* லீனா மணிமேகலையின் 'மாடத்தி' பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் உருவான படம். ஊர்க்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களும் சேர்ந்தால் இந்த வழியும் நடக்கும்.

படம் முடிந்துவிட்டதா? கனடாவின் பான்ஃப் மலைப்பட விழா 1976-லிருந்து நடக்கிறது. அமெரிக்காவின் 'நோ மேன்ஸ் லேண்ட்' விழா பெண்களின் சாகசப் படங்களுக்கென்றே 2015-ல் ஆரம்பித்தது. இவை திரையிடும் இடங்கள். அங்கே பார்த்த முகம்தான் அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளராக வரும்.

எந்த நிதிக்கும் தேதியும் விதியும் வருடத்துக்கு வருடம் மாறும். அவரவர் இணையதளத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் இருப்பது வழக்கம். ஆனால் 'நிதி ஓகே ஆயிடுச்சு, முதல்ல இவ்வளவு கட்டுங்க' என்று யாராவது போன் செய்தால், வைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

எல்லா இடத்திலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வரியில் கதை. ஒரு பக்கச் சுருக்கம். எப்படிப் படமாக்கப்போகிறீர்கள் என்ற விளக்கம். பட்ஜெட். கால அட்டவணை. மூன்று நிமிட மாதிரி வீடியோ.

'தேவாங்கு பற்றிய படம்' என்று எழுதினால் அது தலைப்பு. 'தன் தாத்தா பிடித்து விற்ற தேவாங்கை, இன்று ராத்திரி ராத்திரியாகக் கணக்கெடுக்கும் பேத்தி' என்று எழுதினால் அது கதை. அப்படி ஒருவர் நிஜத்தில் கிடைக்கும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இந்த முதல் கட்டம் கிட்டத்தட்ட இலவசம்!

பட்ஜெட்டில் கூச்சப்படாமல் எழுத வேண்டிய மூன்று வரிகள் உண்டு. இரவில் போகும்போது கூட வரும் இன்னொரு பெண்ணின் சம்பளம். பாதுகாப்பான தங்குமிடமும் வண்டியும். இன்ஷூரன்ஸ். இவை சொகுசு இல்லை, தயாரிப்புச் செலவு.

நான்காவதும் ஒன்று இருக்கிறது. படத்தில் வருகிறவர்களின் நேரத்துக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள்? 2023 ஆகஸ்டில் 'எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' பொம்மன், பெள்ளி தரப்பிலிருந்து பண விஷயமாகக் குற்றச்சாட்டு எழுந்தது. படக்குழு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது நம் வேலை இல்லை. ஆனால் முதல் நாளே பேசி, அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

அனுமதி வாங்காமல் கேமரா எடுக்காதீர்கள்

சரணாலயத்துக்குள் படம் எடுக்க, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறை அனுமதி வேண்டும். வாழிடத்துக்கும் விலங்குக்கும் பாதிப்பு வரக் கூடாது என்பது நிபந்தனை. மலைக்கோட்டையில் படப்பிடிப்பு என்றால் தொல்லியல் துறையிடம் கேட்க வேண்டும். டிரோனுக்கு 2021 டிரோன் விதிகள் இருக்கின்றன. வெளிநாட்டு நிதி வருவதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே எஃப்.சி.ஆர்.ஏ, வருமான வரி இரண்டையும் ஒரு நல்ல ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலை விண்ணப்பத்தோடு வைத்தால், 'இந்தப் பெண் வேலையைத் தொடங்கிவிட்டாள்' என்று தேர்வுக்குழுவுக்குப் புரியும்.

இந்த ஞாயிறு எங்கே போகலாம்?

காலை ஆறரைக்கு மலைக்கோட்டைப் பக்கம் வந்துவிடுங்கள். பத்து மணிக்குள் இறங்கி, ஒட்டன்சத்திரம் வழியாக விருப்பாச்சி. மதியம் திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி, அதை விட்டுவிட முடியுமா! சாயங்காலம் அய்யலூர், காட்டுக்குள் போகாமல், ஊருக்குள் பெரியவர்களிடம் தேவாங்கு பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, சம்மதம் கேட்டுக்கொண்டு, போனிலேயே பதிவு செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்து அதில் நல்ல மூன்று நிமிடத்தை வெட்டி எடுங்கள். மேலே சொன்ன எல்லாக் கதவுகளிலும் முதலில் கேட்கப்போவது அந்த மூன்று நிமிடத்தைத்தான்.